மனையகத்து வெம்மையும் அதனை ஆளும் கையும்

திருக்கோணமலைக்கு வடக்கே, நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து புல்மோட்டைக்குச் செல்லும் கரையோரப் பாதையை அடுத்து அமைந்தது திரியாய் என்னும் பழம்பதி. அப்பதியின் அருகேயுள்ள குன்றின்மேல் சிறு தூபியொன்றைச் சூழ்ந்து கற்றூண்கள் வட்டமாக நிற்கின்றன. பல்லவ கிரந்த எழுத்தின் சாயலில் பொறிக்கப்பட்ட வடமொழிச் சாசனமொன்றும் அக்குன்றின் பாறையில் உண்டு. வணிகர் கூட்டத்தார் அத்தலத்தை நிறுவினர் என்று அச்சாசனம் கூறும். தூண்கள் உள, சாசனம் உளது, அத்தூண்கள் தாங்கி நின்ற கூரை மட்டும் இல்லை. கல் காலத்தை வென்றது. மரமும் வேய்பொருளும் மண்ணோடு மண்ணாயின.

வரலாற்றாசிரியர் கல்லையும் செப்பேட்டையும் நாணயத்தையும் கொண்டு அரசர் செயலை ஆராய்வர். மக்கள் எத்தகைய கூரையின்கீழ் வாழ்ந்தனர், கோடையின் வெம்மையையும் மாரியின் குளிரையும் எவ்வாறு ஆண்டனர் என்பதற்குரிய சான்றுகளோ விரைவில் அழிவன. எனினும் மனிதன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது கூரையின் கீழேயாம். இக்காலத்தில் அறையின் வெப்பநிலையைத் தானே கற்றுத் தானே சீராக்கும் கருவிகள் மேலைநாட்டு இல்லங்களிற் புகுந்துள்ளன. அவற்றின் வருகையை வெறும் பொறியியற் புதுமையாகக் கொள்ளாது, மனையகத்து வெம்மையை எக்கை ஆண்டது என்னும் நெடிய வரலாற்றின் ஒரு பகுதியாகக் கொண்டு நோக்குதல் பயனுடைத்து.

இரு பள்ளிகள்

பருவத்திற்கேற்ப உறைவிடத்தை மாற்றிக்கொள்ளும் வழக்கம் பண்டைத் தமிழரிடையே இருந்தமைக்குச் சிலப்பதிகாரம் சான்று பகர்கின்றது. வேனிற் பள்ளி, கூதிர்ப் பள்ளி என இருவகைப் படுக்கையறைகள் அக்காப்பியத்திற் பேசப்படுகின்றன. வேனிற் பள்ளி காற்றும் நிலவும் புகத்தக்கது. கூதிர்ப் பள்ளி சிறு சாளரங்களை உடையது, அவற்றையும் அடைத்துக்கொள்ளத்தக்கது. மதுரை மாடங்களிற் கூதிர்க்காலத்தில் அகில் விறகிட்ட தடவின் நெருப்பிற் குளிர்காய்ந்தமையும் அந்நூலால் அறியலாகும். தடவு என்பது அறையினுள் வைக்கும் நெருப்புச் சட்டி. குளிர்நாட்டாருக்கே உரியதென்று இன்று கருதப்படும் அறைவெப்பமூட்டல் தமிழ்நாட்டு நகரங்களுக்கும் ஒருகாலத்திற் புதியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையும் இதனை வலியுறுத்தும். வாடை வீசும் நாளில் விசிறிகள் பயனற்றுத் தொங்குவதையும், தென்றலுக்கென வைத்த சாளரங்கள் தாழிடப்படுவதையும், மக்கள் தடவின் அருகே அமர்வதையும் அப்பாட்டு விரித்துரைக்கின்றது. ஆயின் அதே பாட்டின் தொடக்கத்தில், வெள்ளத்திற்கு அஞ்சி மேட்டுநிலம் சேர்ந்த இடையர் கொள்ளிக்கட்டையைக் கையிற்கொண்டு குளிரால் நடுங்குகின்றனர். மாடத்தில் வாழ்வோர்க்கு இரு பள்ளிகளும் அகில் நெருப்பும். வெளியில் வாழ்வோர்க்குக் கையிற்பிடித்த கொள்ளி ஒன்றே. வெம்மையை ஆளும் வல்லமை எல்லோர்க்கும் ஒருபடித்தாய் இருந்ததில்லை என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுவதின்று.

கச்சானும் வாடையும்

திரியாயின் காற்றும் வெயிலும் மதுரையினின்று வேறானவை. இங்குக் கார்த்திகை முதல் தை வரை வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொணரும். வைகாசி முதல் ஆடி, ஆவணி வரை மலைநாட்டைக் கடந்து வரும் வரண்ட கச்சான் காற்று நிலத்தைச் சுடும். கச்சான் வீசும் நாளில் நண்பகல் வெப்பநிலை 34, 35 பாகை செல்சியசை எட்டுதல் இயல்பு. மாரிக்கால இரவிலோ அது 24 பாகை அளவிற்கு இறங்கும். குளிர்நாட்டார் நோக்கில் இது சிறு வேறுபாடு. இந்நிலத்து மக்களுக்கோ போர்வை தேடச்செய்யும் வேறுபாடு.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கீழ்கரைக் கிராமங்களிற் பெருவழக்காயிருந்த வீடு இவ்விரு காற்றுக்கும் விடையாக அமைந்தது. சுவர் மண்ணால் ஆனது. தரை சாணமிட்டு மெழுகப்பட்டது. கூரை கிடுகினாலோ பனையோலையாலோ இலுக்குப் புல்லாலோ வேயப்பட்டது. ஓலையடுக்கின் இடையிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. ஆதலின் வெயில் கூரையின் மேற்புறத்தைச் சுட்டாலும் கீழ்ப்புறம் பெரிதும் சுடுவதில்லை. தடித்த மண்சுவர் பகலில் வெப்பத்தை மெல்ல ஏற்று, உள்ளே விடுவதற்கு நெடுநேரம் கொள்ளும். தாழ இறங்கிய கூரைவிளிம்பு சுவரில் நேர்வெயில் படாது காத்தது. அடுப்புள்ள குசினி பெருவீட்டினின்று விலகித் தனிக் குடிலாய் நின்றமையின் நெருப்பின் வெம்மையும் புகையும் உறங்குமிடத்தை அணுகவில்லை.

இவ்வீட்டில் வெப்பநிலையைச் சீராக்கும் கருவி எதுவும் இருந்ததில்லை. மனிதனே இடம்பெயர்ந்து தன்னைச் சீராக்கிக்கொண்டான். நண்பகலில் உள்ளறை, மாலையில் திண்ணை, கச்சான் வீசும் இரவில் முற்றத்து மரநிழலில் விரித்த பாய், மாரியில் மீண்டும் உள்ளறை என வீட்டின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு பொழுதிற்குரிய பள்ளியாயிற்று. முதியவர் ஒருவர் குளிருக்கு அஞ்சி உள்ளே படுக்க, இளையோர் முற்றத்திற் படுப்பர். ஒரே குடும்பத்துள் மாறுபட்ட விருப்பங்கள் இவ்வாறு பூசலின்றி நிறைவெய்தின. திருக்கோணமலைக்கு அணித்தாயுள்ள கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் அருகருகே வெவ்வேறு வெம்மையுடன் விளங்குவதும், நீராடுவோர் தத்தமக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்வதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கன.

இவ்வமைப்பிற் குறையே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. ஓலையை இடையிடையே மாற்றி வேய்தல் வேண்டும். தீப்பொறி ஒன்று போதும், வீடு சாம்பராகும். பெருமழையில் மண்சுவர் கரையும். இவ்வின்னல்களுக்கு அஞ்சியே மக்கள் ஓட்டையும் தகரத்தையும் கல்நார்த் தகட்டையும் நாடினர். அவர்கள் நாடியது உறுதியை. அதற்காக அவர்கள் விலையாகக் கொடுத்தது குளிர்ச்சியை.

கயிறு இழுத்த கை

1795ஆம் ஆண்டில் திருக்கோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய ஆங்கிலேயர், வெம்மையை ஆள்வதற்குப் பிறிதொரு வழியைக் கைக்கொண்டனர். உயர்ந்த கூரையும் அகன்ற விறாந்தையும் கொண்ட மாளிகைகளில், உத்தரத்தினின்று தொங்கிய துணிவிசிறியாகிய பங்காவை, வெளியே விறாந்தையில் அமர்ந்த ஏவலாளன் கயிற்றால் இழுத்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் அலுவலகங்கள், நீதிமன்றங்கள், உணவுக்கூடங்கள் ஆகியவற்றில் இக்காட்சி பொதுவாயிருந்தது. குளிர்ச்சி அறையினுள் ஒருவருக்கு. வியர்வை அறைக்கு வெளியே மற்றொருவருக்கு. எவ்வளவு காற்று வேண்டும் என்பதை உள்ளிருந்தவர் கட்டளையிட்டார். இழுத்தவனின் உடல் எதனை விரும்பிற்று என்பதை எவரும் கேட்டிலர். மின்விசிறி வந்தபின் பங்கா மறைந்தது. ஆணையிடுவோர் வேறு, அதன் பயனைத் தாங்குவோர் வேறு என்னும் பிரிவு மறைந்ததா என்பது வேறு வினா.

ஓர் ஆசிரியரின் கண்டுபிடிப்பு

குளிர்நாடுகளில் இவ்வரலாறு நெருப்பைச் சுற்றி வளர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒல்லாந்தராகிய கோர்னேலிசு திரெபெல் என்பார், முட்டை பொரிக்கும் அடுப்பொன்றின் வெம்மை தானே அடங்கவும் ஏறவும் வழிகண்டார். வெப்பத்தால் விரியும் நீர்மம் அடுப்பின் காற்றுவாயிலை மூடும். குளிர்ந்து சுருங்கும்போது அது திறக்கும். 1830ஆம் ஆண்டில் அன்றூ யூர் என்னும் வேதியியலறிஞர் இத்தகைய கருவிக்குத் 'தெர்மொசுரற்று' என்னும் பெயரை வழங்கினார்.

ஆயினும் அறைதோறும் வெப்பநிலையைச் சீராக்கும் மின்கருவியை உலகிற்கு அளித்தவர் ஓர் ஆசிரியர் என்பது ஆசிரியருலகம் அறிந்து மகிழ்தற்குரியது. ஐக்கிய அமெரிக்காவின் விசுக்கொன்சின் மாநிலத்து வைற்வோட்டர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் யோன்சன் என்பார் பேராசிரியராயிருந்தார். கட்டடத்தின் அடித்தளத்தில் உலை எரியும்; காவலாளி வகுப்புதோறும் புகுந்து வெப்பமானியைப் பார்த்து, மீண்டும் கீழிறங்கி உலையின் காற்றுக்கதவைத் திருத்துவான். பாடம் இடையறுந்தது, அறையோ ஒருபோது சுட்டது, ஒருபோது குளிர்ந்தது. இதனைத் தீர்க்க முனைந்த யோன்சன், அறையின் வெப்பநிலை மாறியதும் கீழேயுள்ளவனுக்கு மின்மணியால் அறிவிக்கும் கருவியை ஆக்கி, 1883ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1885இல் மில்வோக்கி நகரில் அதற்கென ஒரு நிறுவனமும் எழுந்தது. அதே ஆண்டில் அல்பேட் பட்சு என்பார் உலையின் காற்றுக்கதவைத் தானே திறந்து மூடும் கருவியை அமைத்தார். 1953இல் கென்றி திரைபசு வடிவமைத்த வட்டக் கருவி, எண்ணற்ற இல்லங்களின் சுவரில் இடம்பெற்றது. வெவ்வேறளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டிய சுருளொன்று வெப்பத்தால் வளைந்து மின்சுற்றை இணைத்தும் துண்டித்தும் தொழிற்படுவதே அதன் உள்ளமைப்பு.

இக்கருவியினால் ஏவலாளனின் அலைச்சல் ஒழிந்தது. ஆனால் வெம்மை இப்போது ஓர் எண்ணாயிற்று. அவ்வெண் யாது, அதனை வகுப்பவர் யார் என்னும் வினா அதனோடு பிறந்தது.

எண் பிறந்த கதை

1923ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளராகிய ஊற்றன், யாக்லோ ஆகியோர் ஆய்வறையிற் பலரை இருத்தி, எவ்வெப்பமும் ஈரமும் இனியன என வினாவி, சம இன்பக் கோடுகளை வரைந்தனர். 1950களில் எல்லிசும் வெப்பும் சிங்கப்பூரில் அவ்வாராய்ச்சியை வெப்பநாட்டு மக்களிடம் நிகழ்த்தினர். 1970இல் டென்மார்க்கு நாட்டுப் பேராசிரியர் பாங்கர், உடலின் வெப்ப உற்பத்தி, உடை, காற்றின் வேகம், ஈரம், சுவரின் கதிர்வீச்சு முதலியவற்றை இணைத்து ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். அமெரிக்க, டேனிய மாணவரின் விடைகளை அடிப்படையாகக் கொண்ட அச்சமன்பாடு உலகெங்கும் அலுவலகங்களுக்கு அளவுகோலாயிற்று. அதிற் பயன்பட்ட உடல்வெப்ப அளவு நடுவயது ஆடவன் ஒருவனுடையது என்பதையும், அதனால் பெண்டிர் பலர் குளிரூட்டிய அலுவலகங்களில் நடுங்க நேர்கின்றது என்பதையும் 2015இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர்.

இதற்கு மாறான கருத்தை அம்பிரீசு, நிக்கல் ஆகியோர் 1970களிலேயே கூறிவந்தனர். மனிதன் வெப்பத்தை வாளா ஏற்கும் பொருளல்லன். உடையை மாற்றுவான், சாளரத்தைத் திறப்பான், இடம்பெயர்வான், பழகிக்கொள்வான் என்பது அவர் கொள்கை. 1998இல் தி டியர், பிறேகர் ஆகியோர் நான்கு கண்டங்களில் 160 கட்டடங்களிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 21,000 பதிவுகளைக் கொண்டு இதனை நிறுவினர். புறத்தே நிலவும் சராசரி வெப்பநிலையை 0.31 ஆற் பெருக்கி 17.8 ஐக் கூட்டினால், இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடத்தில் மக்கள் விரும்பும் வெப்பநிலை ஏறத்தாழக் கிடைக்கும். புறத்தே சராசரி 10 பாகையாயின் விரும்பப்படுவது 21. 30 பாகையாயின் 27, பெரும்பாலோர் பொறுக்கும் மேலெல்லை 30 பாகைக்குச் சற்று மேல். இந்தியாவில் உறூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் 1986இல் வெளியிட்ட வெப்பநாட்டுக் கோடைச் சுட்டெண்ணும் 25 முதல் 30 வரையிலான எல்லையையே இனியதெனக் கொண்டது.

இவ்விதியின் உயிர்நிலை அதன் எண்களில் இல்லை. அதன் நிபந்தனையில் உளது. சாளரத்தைத் திறக்கவும் மூடவும் உள்ளே வாழ்வோர்க்கு உரிமையுள்ள கட்டடங்களுக்கே அது பொருந்தும். நடுவிடத்திலிருந்து குளிரூட்டப்பெற்று, சாளரம் அடைபட்ட கட்டடங்களில் மக்களின் பொறுமை குறுகிவிடுகின்றது. சிறு மாற்றமும் அவர்க்குத் துன்பமாகின்றது. தன் கையால் ஆளத்தக்க வெம்மையை மனிதன் பொறுப்பான். பிறர் கையிலுள்ள வெம்மையை அவன் அவ்வாறு பொறுப்பதில்லை. திரியாயின் திண்ணையும் முற்றமும் நூல்வழி அறியாது நடைமுறையிற் கண்டிருந்த உண்மை இதுவேயாகும்.

கற்கும் கருவி

2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'நெசிற்று' என்னும் கருவி விற்பனைக்கு வந்தது. வீட்டார் எப்பொழுதில் வெப்பத்தைக் கூட்டுகின்றனர், எப்பொழுதிற் குறைக்கின்றனர் என்பதைச் சில நாட்கள் கவனித்து, பின்னர் அவ்வொழுங்கைத் தானே பின்பற்றுவது அதன் சிறப்பு. வீட்டில் ஆளில்லை என்பதை உணர்ந்து எரிபொருளைச் சேமிக்கவும் அது வல்லது. 2014இல் கூகிள் நிறுவனம் 320 கோடி டொலருக்கு அதனை ஆக்கிய நிறுவனத்தை வாங்கியது. பொது எண்ணை விடுத்து வாழ்வோரின் விருப்பத்தைக் கேட்கும் வகையில், இக்கருவி பழைய முற்றத்தின் நீதிக்கு ஒருபடி திரும்பியது எனலாம்.

ஆயின் அதன் கடிவாளம் சுவரில் மட்டும் இல்லை. 2016ஆம் ஆண்டு சனவரியில் மென்பொருட் கோளாறொன்றால் அத்தகைய கருவிகள் பல செயலிழந்து, குளிர்நாளில் வீடுகள் சூடிழந்தன. 2021 யூனில் தெக்சாசு மாநிலத்தில் மின்தட்டுப்பாடு நேர்ந்தபோது, சேமிப்புத் திட்டமொன்றிற் சேர்ந்திருந்த இல்லங்களின் குளிரூட்டிகளை வீட்டார் அறியாமலே தொலைவிலிருந்து திருத்தினர். உறங்கி எழுந்தோர் வியர்வையில் நனைந்திருந்தனர். ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருந்தது; அதனைப் படித்தறிந்தோர் சிலரே. பங்காவின் கயிறு மீண்டும் நீண்டது. இம்முறை அதன் முனை விறாந்தையிலன்றிக் கண்காணாத நகரொன்றில் இருந்தது.

பொதுநலம் கருதி அரசு எண்ணை வகுத்தலும் சிலபோது வேண்டற்பாலதே. இந்தியாவில் 2020 சனவரி முதல் தரச்சான்று பெற்ற அறைக் குளிரூட்டிகள் 24 பாகையிலேயே தொடங்குமாறு விதிக்கப்பட்டது. வேண்டுவோர் அதனை மாற்றிக்கொள்ளலாம். இலங்கையினின்று புலம்பெயர்ந்த தமிழர் பல்லாயிரவர் வாழும் ரொறன்ரோ நகரில், குளிர்கால மாதங்களில் வாடகை வீடுகளின் வெப்பநிலை 21 பாகைக்குக் குறையாது வீட்டுக்காரர் காத்தல் வேண்டும் என்பது நகரச் சட்டம். நெடுநல்வாடையின் இடையர்க்குக் கிட்டாத காவலை எளியோர்க்கு அளிப்பது அது. நடுங்குவோரைக் காக்கும் எண் வேறு. விருப்பத்தை வினாவாது விதிக்கும் எண் வேறு.

மீண்டும் எழுந்த வீடுகள்

இவ்வாராய்ச்சி திரியாய்க்கு ஏன் வேண்டும் என ஐயுறுவோர் அக்கிராமத்தின் அண்மை வரலாற்றை நினைத்தல் தகும். 1985ஆம் ஆண்டில் போரின் கொடுமையால் திரியாய் மக்கள் தம் வீடுகளை இழந்து இடம்பெயர்ந்தனர். ஆண்டுகள் பல கழிந்து மீண்டோர் முன்னைய வீட்டிற்கு மீளவில்லை. வெறுநிலத்தில் புதுவீடு எழுப்பவேண்டியவராயினர். ஓலை வேயும் கைத்திறனும், மரம் நிழல்செய்த முற்றமும், எக்காற்றுக்கு எவ்வாயிலைத் திறப்பது என்னும் அறிவும் ஒரு தலைமுறை இடைவெளியில் தேய்ந்தன. வீடு எரிந்தால் மீளக் கட்டலாம். வீட்டைக் கட்டும் வழக்கம் அறுந்தால் அதனை மீளத் தொடுத்தல் அரிது.

வடக்கு, கிழக்கு மாகாணங்களின் மீள்கட்டுமானத்தில் இருவேறு போக்குகள் காணப்பட்டன. 2012இல் விரிவாகத் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு 5,50,000 ரூபா படிப்படியாக வழங்கப்பட்டு, வீட்டைத் தாமே கட்டும் பொறுப்பும் அவர்களிடமே விடப்பட்டது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் இலங்கை அரசு முன்வைத்த மற்றொரு திட்டமோ, பன்னாட்டு நிறுவனமொன்றின் மூலம் 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தருவதாயிருந்தது. ஒரு வீட்டின் செலவு 20 இலட்சம் ரூபாவிற்கு மேற்பட்டது. பொறியியலறிஞரும் மக்கட் பிரதிநிதிகளும் அதனை மறுத்தனர். விலை மிகை, உள்ளூர்க் கொத்தனார்க்கு வேலையில்லை, விறகடுப்புக்கு ஏற்ற குசினியில்லை என்பவற்றோடு, உருக்கு வீடு இந்நிலத்தின் வெம்மைக்கு ஒவ்வாது என்பதும் அவர்கள் எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று. அத்திட்டம் அவ்வளவில் நிறைவேறவில்லை. அறையின் வெம்மை அரசியல் விவாதத்திற் காரணமாக எடுத்துரைக்கப்பட்டமை இலங்கைத் தமிழர் வரலாற்றிற் குறித்துவைத்தற்குரிய நிகழ்ச்சியாகும்.

பழைய மண்வீட்டிற்கே மீளுதல் இயல்வதன்று, வேண்டுவதும் அன்று. மழைக்கும் தீக்கும் அஞ்சாத வீட்டை மக்கள் விரும்புதல் முறையே. ஆயினும் தகட்டின் கீழே ஓலைத்தட்டி அமைத்தல், எதிரெதிரே சாளரம் வைத்தல், மேற்குச் சுவருக்கு நிழல்மரம் நடுதல், விறாந்தையைச் சுருக்காது விடுதல், குசினியை விலக்கிக் கட்டுதல் ஆகியன பெருஞ்செலவு வேண்டாதவை. வேனிற் பள்ளியும் கூதிர்ப் பள்ளியும் கருதிய கருத்து இவற்றில் இன்றும் உயிர்வாழலாம்.

இதற்கு மாணவர் ஆற்றத்தக்க பணியும் ஒன்றுண்டு. எஞ்சி நிற்கும் ஓலைக் குடிலின் கீழும், தகரக் கூரையின் கீழும், ஓட்டு வீட்டின் கீழும் ஒரே நண்பகலில் ஒரு வெப்பமானியைக் கொண்டு அளந்து, அங்குள்ள முதியோரிடம் எங்கே படுப்பது இனிதென வினாவி எழுதிவைப்பின், திரியாய்க் குன்றின் தூண்கள் இழந்த கூரையைப்போல இவ்வறிவும் சான்றின்றி அழியாது. எதிர்காலத்தில் எத்தகைய கருவி இம்மனைகளுட் புகுந்தாலும், அதன் விசை அங்கு வாழ்வோரின் கைக்கு எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.